கடல்பக்கத்துக் கோல் கம்பம்

கடல்பக்கத்துக் கோல் கம்பம் நடந்து போய்விட்டது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் மரிய கொறற்றி அக்கா. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. மாதத்தில் ஒருமுறை வருகிற தமிழ்ப் பூசைக்காகப் பங்கு மண்டபத்துக் குசினியில் நாலைந்து பெண்கள் நின்று மீன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். அக்கா சோல்ட்பி உதைபந்தாட்டக் கழகத்தின் சலவை அறையில் வேலை செய்கிறவர். உப்புக் காணாது என்று சொல்லுகிற அதே குரலில், கையெடுக்காமல், "எங்கடை கடல்பக்கத்துக் கோல் கம்பம் நடந்து போட்டுது, திரேசா," என்றார்.

"எங்கை போனது?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"வெளிக்கிட்டதைப் பற்றி எங்கை எண்டு கேக்கிறதே? தூரமோ எண்டு கேளும்."

"தூரமோ அக்கா?"

"தூரம்தான். எழுபது மைல். வெள்ளிக்கிழமை போய்ச் சேந்திட்டுதாம்."

புஷ்பராணி ரோல்ஸை எண்ணெயில் போட, அந்தப் பொரிகிற சத்தத்துக்குள்ளே அக்கா சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். அக்கா சொல்லும்போது வெள்ளைக்காரரும் எங்கள் தமிழில்தான் கதைப்பார்கள். ஆகையால் நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் சோல்ட்பி, இங்கிலாந்தின் வடக்கில், காற்று ஒருநாளும் ஓய்ந்திராத கடற்கரையில் இருக்கிறது. கழகம் நான்காம் பிரிவில், மேலே ஏறவும் வழியில்லாமல் கீழே விழவும் மனமில்லாமல், நாற்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த கழகம். மைதானத்துக்கு இரண்டு பக்கம்: ஒன்று ரயில்பக்கம், மற்றது கடல்பக்கம். டீன் மஸ்கிரோவ் என்கிற பெடியன் பதினேழு வயதில் அங்கே வந்தான். கோல் அடிப்பதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. முதல் பதினான்கு ஆட்டத்தில் அவன் ஒன்றும் அடிக்கவில்லை. பதினைந்தாவது ஆட்டத்தில், கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து பந்தும் தெரியாமல் காலும் தெரியாமல் இருந்த ஒரு சனிக்கிழமை, கடல்பக்கத்துக் கம்பத்துக்குள்ளே ஒன்று போட்டான். அன்று தொடக்கம் மூன்று வருஷத்தில் முப்பத்தொரு கோல். முப்பத்தொன்றும் கடல்பக்கம்தான். ஆட்டம் தொடங்குமுன் போய் அந்தக் கம்பத்தின் இடதுகாலில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் நிற்பான். "என்ன தம்பி, செபிக்கிறியோ?" என்று அக்கா ஒருநாள் கேட்டிருக்கிறார். "இல்லை, இரும்பு குளிராயிருக்குது, எனக்குத் தலையிடி," என்றானாம்.

இந்த நாட்டிலே தை மாதம் கடைசி நாள்வரைக்கும் ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்கு ஆட்டக்காரனை விற்கலாம், இரவலும் கொடுக்கலாம். சட்டி பானை இரவல் கொடுப்பது எங்களுக்குத் தெரியும், பிள்ளையை இரவல் கொடுப்பதை இங்கேதான் கண்டோம். அந்தக் கடைசி நாள் பின்னேரம் டீன் சாப்பாட்டு அறையில் 'பை' என்கிற, இறைச்சி அடைத்த பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய ஏஜென்டின் போன் வந்தது. ஆர்ன்லி கழகம் எடுக்குது, ஐந்து மணிக்குள்ளே அங்கே கையெழுத்து வைக்கவேண்டும், உடனே வெளிக்கிடு என்று. பை பாதியில் கிடந்தது. அவனுடைய காலுறைகள் அக்காவின் மெஷினுக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. அவன் யாருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை, மைதானப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை; அரை மணித்தியாலத்தில் கார் போய்விட்டது.

இதைக் கேட்ட புஷ்பராணி கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். "அப்ப இவங்களுக்கும் ஏஜென்சிக்காரனோ? எங்களுக்கு மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சனான்!"

எல்லோரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு தானாக நின்றது. குசினியில் நின்ற அத்தனை பேரும் இலங்கைச் சண்டைக்குத் தப்பி அப்படி வெளிக்கிட்டவர்கள்தான். கொழும்பில் ஒரு லொட்ஜ், மொஸ்கோவில் பதினொரு பேர் படுத்த ஓர் அறை, பிறகு பேர் தெரியாத ஒரு நகரத்தில் ஒரு மாடி; காசு வாங்கி எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் போன் எடுத்தால் அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க வெளிக்கிட்டவர்கள். கூடப் படுத்திருந்த ஆட்களுக்குக்கூட ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கியவர்கள்.

"அதுதான் காரணம்," என்றார் கொறற்றி அக்கா. "சொல்லாமல் கொள்ளாமல் போட்டான். மனுசர் எண்டால் பொறுக்கும். அது பாவம், இரும்பு."

செவ்வாய்க்கிழமை காலை மைதானக்காரர் நோர்மன் வந்து பார்த்தபோது கடல்பக்கத்தில் இரண்டு குழி மட்டும் இருந்தது. களவு என்று பொலிசுக்குச் சொன்னார். புதன்கிழமை, திருநீற்றுப் புதன், ஒரு லொறிச் சாரதி நெடுஞ்சாலையின் ஓரத்தில் அதைக் கண்டான். இரண்டு காலையும் மாறி மாறி எடுத்து வைத்து, வலையை ஒரு பக்கமாகச் சுருட்டி, வெள்ளத்தில் சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்ணைப்போல அது தெற்கே போய்க்கொண்டிருந்ததாம். பொலிஸ் வந்தது. வந்தவர்கள் அதை மறிக்கவில்லை; மறிக்கிறதற்கு அவர்களிடம் சட்டம் இருக்கவில்லை. நீல விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலே மெதுவாக வந்தார்கள், மற்ற வாகனங்கள் ஒரு கை இடம் விட்டு விலகிப் போயின, இரவில் அது பாலத்தின் கீழே நின்று இளைப்பாறியது, விடிய எழும்பி நடந்தது, வெள்ளிக்கிழமை பகல் ஆர்ன்லி மைதானத்துக்குள்ளே போய், அவர்களுடைய கம்பத்துக்குப் பக்கத்தில், வந்த விருந்தாளி வாசலில் நிற்பதுபோல நின்றது.

ஆர்ன்லிக்காரர் முதலில் கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் லொறி கொண்டுபோய் அதைச் சங்கிலியால் கட்டிக் கொண்டுவந்து குழியில் நட்டார்கள். அடுத்த செவ்வாய் அது மறுபடி நடந்தது. மூன்றாம் முறை அதை ஏற்றிவந்த லொறிச் சாரதி நோர்மனிடம் சொன்னானாம், "இஞ்சை பாரும், நான் கொண்டுவாறன், அது போகுது, நான் கொண்டுவாறன், அது போகுது. என்ரை மனுசி வீட்டை விட்டுப் போகேக்கைகூட நான் இவ்வளவு தரம் கூட்டிக்கொண்டு வரேல்லை." அதோடு விட்டுவிட்டார்கள். சோல்ட்பி புதுக் கம்பம் ஒன்று வாங்கி நட்டது. பழையது டீனோடு இருந்தது.

ஆட்டத்தை நடத்துகிற சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததாம்: ஒரு மைதானத்தில் இரண்டு கோல்தான் இருக்கலாம், மூன்றாவது கோல் எல்லைக் கோட்டுக்கு வெளியே, பார்வையாளருக்கு மறைக்காமல் நிற்கவேண்டும். அது அப்படியே, மதிலில்லாத தெருப்பக்க மூலையில் நின்றது. ஆர்ன்லிச் சனங்கள் அதற்குப் பழகினார்கள். மழைக்கு அதன் மேலே தார்ப்பாய் போட்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு விளக்குக் கட்டினார்கள். நகரசபை அது நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கிறது என்று ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போனது. பிறகு அந்தத் துண்டை ஒட்டினவரே வந்து, மன்னிக்கவேண்டும் என்று உரித்துக்கொண்டு போனார். வந்த அதிசயம் யாரையும் கடிக்காவிட்டால் மனுசர் எவ்வளவு கெதியாக அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு ஆண்டவரின் பொறுமைதான் ஞாபகம் வரும்.

துன்பம் டீனுக்குத்தான். அவன் உதைக்கிற பந்து மூன்றாவது கோலுக்குள்ளே போனது. நேரே நிற்கிற கோலைப் பார்த்துத்தான் உதைப்பான். காலுக்கு மற்றது தெரிந்துவிடும். எல்லைக்கு வெளியே, மூலையில், தார்ப்பாய்க்குக் கீழே பை சாப்பிட்டுக்கொண்டு நிற்கிற சனத்துக்கு நடுவாலே, பந்து போய் அந்தப் பழைய வலைக்குள்ளே அழகாக விழும். எண்ணிக்கையில் சேராது. அடுத்த சித்திரையில் ஆர்ன்லியின் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு, "நீ நல்ல பெடியன். ஆனால் நீ தனிய வரேல்லை," என்றார்.

பிறகு அவன் போன இடங்களை அக்கா செபமாலை உருட்டுகிற மாதிரிச் சொல்லுவார். கிரிம்டனில் எட்டு மாதம், அங்கே ஒரு கைம்பெண் ஒவ்வொரு நாளும் வந்து கம்பத்தோடு கதைத்துவிட்டுப் போவார். லோஃப்ட்விக்கில் ஒரு மாரிகாலம், அங்கே அதன் மேலே புறா கூடு கட்டி, குஞ்சு பறக்குமட்டும் அது காலை அசைக்காமல் நின்றது. டன்ஹேவனில் இரண்டு கிழமை. பிறகு மறுபடி வடக்கே, மறுபடி தெற்கே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாடகை வீடு, ஒவ்வொரு வீட்டிலும் பிரிக்காத பெட்டி, அவன் போய் மூன்றாம் நாள் அல்லது நாலாம் நாள் தெருமுனையில் இரும்புக் காலின் சத்தம். ஹேலி என்று ஒரு பிள்ளையைக் கட்டினான். எல்சி என்று ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு நடக்கப் பழகுமுன் ஏழு வீடு.

ஒருமுறை நானே அதைக் கண்ணால் கண்டேன். ஆடி மாதம் வோல்சிங்கம் மாதாவிடம் யாத்திரை போன பஸ்ஸில் இருந்தோம். நெடுஞ்சாலையோரப் புல்லில், வெயிலில், அது எங்களுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் பூச்சு முழங்காலளவுக்கு உரிந்து துருப்பிடித்திருந்தது. பஸ்ஸுக்குள்ளே ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் படம் எடுக்கவில்லை. புஷ்பராணி மட்டும், "பாவம், சாப்பிட்டுதோ என்னவோ," என்றாள். பிறகு யாரோ தொடங்க, வழியில் இருக்கிறவர்களுக்காக என்று செபமாலையில் ஒரு பத்துமணி சொன்னோம்.

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஆனி மாதம், ஆறு வருஷத்துக்குப் பிறகு, டீன் சோல்ட்பியின் சலவை அறைக் கதவில் வந்து நின்றான். வயது இருபத்தாறு. கண்ணுக்குக் கீழே நாற்பது. நோர்மனும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவன் நோர்மனைப் பார்த்து, "உங்களிட்டை இரும்பு வெட்டுற வாள் இருக்கோ?" என்று கேட்டான்.

தெற்கே, கடலோரத்தில், ஹேவன்கோம் என்று ஒரு கழகம் அவனுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் தரச் சம்மதித்திருந்தது. இரண்டு வருஷம் என்று ஒருவரும் அவனுக்குத் தந்ததில்லை. ஒரே நிபந்தனை: கம்பம் வரக்கூடாது. எல்சிக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. "இன்னொரு முறை பெட்டி கட்டமாட்டன் எண்டு ஹேலி சொல்லிப்போட்டா," என்றான். "கட்டினால் அவ தாயிட்டைப் போறதுக்குத்தான் கட்டுவாவாம். சனிக்கிழமை அதை வெட்டிப்போட வேணும்."

நோர்மன் குவளையைக் கீழே வைத்தார். "உயிரோடையோ?" என்று கேட்டார்.

மெஷின் சுற்றி நின்றது. அப்போது கொறற்றி அக்கா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வெட்டாதை தம்பி. நீ அதுக்குச் சொல்லிக்கொண்டு போகேல்லை, அதுதான் அது அந்தரப்படுது. கொண்டுவந்து இஞ்சை நட்டுப்போட்டு, சொல்லிப்போட்டுப் போ," என்றார்.

"என்னெண்டு சொல்லுறது?"

"நாங்கள் வெளிக்கிடேக்கை சொல்லுறதுதான்," என்று அக்கா அவனுக்கு இரண்டு சொல் சொல்லிக் கொடுத்தார்.

சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். புதுக் கம்பத்தைப் பிடுங்கி, லொறியில் கொண்டுவந்த பழையதை நட்டார்கள். புஷ்பராணி அந்தோனியாருக்கு நேர்ந்து இரண்டு தட்டு பணிஸ் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். டீன் போய் இடதுகாலில் நெற்றியை வைத்து, எங்கள் பிள்ளைகள் பேசுகிறதைவிடச் சுத்தமாக, "போட்டு வாறன்," என்றான். வலை ஒருமுறை உள்ளே இழுத்து, மூச்சு விட்டது. அவன் காரில் ஏறிப்போனான். செவ்வாய் வந்தது, கம்பம் அசையவில்லை. அடுத்த செவ்வாயும் அசையவில்லை. தெற்கே டீன் பயிற்சி ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்தான் என்று கேட்டு நாங்கள் மாதாவுக்கு நன்றி சொன்னோம். அக்காவைக் கண்டால் ஊரில் தொப்பியைத் தூக்கினார்கள்.

ஆவணியில் ஆட்டங்கள் தொடங்கின. அப்போதுதான் தெரிந்தது, கடல்பக்கத்துக் கம்பத்துக்குள்ளே பந்து போகவில்லை.

யார் அடித்தாலும் போகவில்லை. எங்கள் ஆள் அடித்தாலும் வந்தவன் அடித்தாலும், பந்து கோட்டு வரைக்கும் உருண்டு போய், வாசலில் யாரோ வேறொருவரை எதிர்பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதுபோலக் கூச்சப்பட்டு நின்றுவிடும். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, ஒன்றும் போகவில்லை. எங்கள் ஆட்டம் எல்லாம் பாதி செத்த ஆட்டமாயிற்று. கழகம் பட்டியலில் ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே போனால் பிரிவை விட்டே போகவேண்டும். நாற்பது வருஷம் பிடித்திருந்த கொப்பு அது.

இன்னொன்றும் நடந்தது. ஊரின் நடுவே ஒன்று காத்துக்கொண்டு நின்றால் மற்றவர்களால் நிம்மதியாக இருக்க முடியுமா? பஸ் சாரதிகள் ஆளில்லாத தரிப்பில் இரண்டு நிமிஷம் கூட நின்றார்கள். கடைக்காரர் பூட்டப் போய், பூட்டாமல் வந்தார்கள். வீடுகளில் ஒரு குவளை கூட வைத்துத் தேத்தண்ணி ஊற்றினார்கள், பிறகு யாருக்கு ஊற்றினோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மூத்தவளுடைய அறையில் விரிப்பை மாற்றுவதும், மாற்றினதைத் திரும்ப மாற்றுவதுமாக இருந்தேன். அவள் கல்யாணம் கட்டி அவுஸ்திரேலியா போய் நாலு வருஷம். யாரும் கோபப்படவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். மரக்கறிக் கடையிலும் வைத்தியரின் வரவேற்பறையிலும் ஆட்கள் அக்காவிடம் மரியாதையாகக் கேட்டார்கள்: "அவன் எப்ப வாறானாம்?"

தை மாதத்தில் நோர்மன் சலவை அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "கொறற்றி, நீங்கள் அண்டைக்கு அவனைக்கொண்டு என்ன சொல்லுவிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"போட்டு வாறன் எண்டு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"போயிட்டுத் திரும்பி வருவன் எண்டு."

நோர்மன் கதிரையில் இருந்துவிட்டார். "அவன் திரும்பி வரப்போறானே?"

"இல்லை. ஆனால் அப்பிடித்தான் சொல்லுறது. போறன் எண்டு எங்கடையாக்கள் சொல்லமாட்டினம். அது செத்த வீட்டுச் சொல்."

"வரமாட்டன் எண்டு தெரிஞ்சும் வாறன் எண்டுதான் சொல்லுவியளோ?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்தனாங்கள்," என்றார் அக்கா.

"அங்கை பாத்துக்கொண்டு நிண்டவை?"

அக்கா காலுறைகளை மடிக்கத் திரும்பிவிட்டார். அன்று எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னார். "திரேசா, நான் ஒரு பொய்யையெல்லே அதுக்குக் குடுத்திருக்கிறன்," என்றார். "மனுசருக்கு அது பொய்யெண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு வாங்குவினம். அது அப்பிடியே நம்பிப்போட்டுது." அந்த வாரமே டீனுக்குப் போன் எடுத்தார். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வருகிறேன் என்று மட்டும் சொன்னான். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்கும் ஆட்டம். மற்ற நாளில் வரலாம், ஆனால் வந்தால் அது மறுபடி பின்னாலே வந்துவிடுமோ என்று பயம்.

வைகாசியில் கடைசி ஆட்டம் வந்தது. டீனுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் முழங்கால் பிசகி, அன்று அவனுக்கு ஆட்டமில்லை. எல்சியையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்தான். எங்களுக்கு அன்று தோற்காமல் இருந்தாலே போதும், பிரிவில் தங்கிவிடலாம். எங்கள் தலைவன் நாணயச் சுண்டலில் வென்று, இரண்டாம் பாதியில் கடல்பக்கத்துக் கம்பம் எங்கள் முதுகுக்குப் பின்னால் வருமாறு கேட்டுவிட்டான். அதற்குள்ளே யாராலும் போட முடியாது. முதல் பாதி இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் கம்பம் காத்துக்கொண்டு நின்றால் ஊர் தப்பிவிடும்.

இடைவேளையில் டீன் மைதானத்தின் ஓரத்தால் நொண்டி நொண்டி வந்தான். நோர்மன் ஓடிப்போய் மறித்தார். "இப்ப வேண்டாம். முடியட்டும். முடிஞ்சாப்பிறகு எதையெண்டாலும் சொல்லு."

"நான் சும்மா தூரத்திலை நிண்டு பாக்கிறன்," என்றான் டீன்.

ஆனால் அது அவனைக் கண்டுவிட்டது. காற்றில்லை, வலை முழுக்க எழும்பியது. நாய் வாலை ஆட்டுவதுபோல என்று சொன்னால் குறைவு. மாதாவே, தாய் ஒருத்தி விமான நிலையத்துக் கம்பிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறதைக் கண்டிருக்கிறீர்களா, அப்படி. இடதுகால் மண்ணை விட்டு ஒரு சாண் மேலே வந்தது. பிறகு வலதுகால். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். கம்பம் நடந்து வெளியே வந்தால் ஆட்டம் நின்றுவிடும், டீன் போகிற ரயிலுக்குப் பின்னாலே அது மறுபடி நெடுஞ்சாலையில் இறங்கும், ஹேலி பெட்டியை இறக்கித் தூசி தட்டுவாள். அவன் ஒன்றும் சொல்லாமல் நிற்கலாம். அல்லது உண்மையைச் சொல்லி, தன்னை வளர்த்த ஊரின் வாசலைத் திறந்துவிடலாம். நாலாயிரம் பேர் எழும்பி நின்றார்கள். ஒருவரும் சொல்லாதே என்று கத்தவில்லை. எல்லோருக்கும் கத்த மனமிருந்தது, எனக்கும் இருந்தது.

அவன் திரும்பி அக்காவைத் தேடினான். அக்கா சலவைக் கூடையோடு, ஆட்டக்காரர் வெளியே வருகிற சுரங்கவழி வாசலில் நின்றார்.

"போய், வராமல் இருக்கிறதுக்கு உங்கடை பாஷையிலை ஒரு சொல்லும் இல்லையோ?"

"இருக்கு தம்பி," என்றார் அக்கா. "என்ரை வாயிலை அது வராது."

"அப்ப நான் என்ரை பாஷையிலை சொல்லுறன்."

எல்சியின் கையை விட்டுவிட்டு அவன் போனான். நெற்றியை அந்தத் துருப்பிடித்த இரும்பில் வைத்தான். என்ன சொன்னான் என்று பக்கத்தில் போன நோர்மன்தான் கேட்டவர். "நான் இனி வரமாட்டன். எனக்கு வேறை வீடு இருக்குது. நீ நல்லா நிண்டனி. எனக்காண்டி இனி நிக்காதை." அவ்வளவும்தான். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிலுவை போட மறந்து நின்றார்.

வலை தாழ்ந்தது. நெடுநேரம், ஒரு முழுச் செபம் சொல்லி முடிக்கிற நேரம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலதுகால் குழிக்குள்ளே இறங்கியது, பிறகு இடதுகால், சுமையை இறக்கி வைக்கிற மாதிரி மெதுவாக. நோர்மன் முழங்காலில் நின்று மண்ணைத் தள்ளி, எழும்பி மிதித்துவிட்டார். நடுவர் விசில் ஊதினார்.

எண்பத்தேழாவது நிமிஷத்தில் வந்த கழகத்தின் ஆள் ஒருவன், பெயர்கூட எனக்குத் தெரியாது, தலைமுடி சிவந்த ஒரு பெடியன், தூரத்திலிருந்து அடித்தான். பந்து கோட்டடிக்கு வந்தது, நிற்கவில்லை, வெட்கப்படவில்லை, உள்ளே போனது. ஒரு வருஷமாக ஒன்றையும் வாங்காத வலை நிறைந்து பின்னாலே போய்த் திரும்பி வந்தது. அந்தப் பெடியன் கையைத் தூக்கப் போய், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தூக்காமல் விட்டான்.

நாற்பது வருஷத்துக் கொப்பு முறிந்தது. மைதானத்தில் அலை கேட்டது. பிறகு நோர்மன் கைதட்டத் தொடங்கினார். அந்தக் கிழவர் யாருக்குத் தட்டினார் என்று தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றவர் தட்டினார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தட்டினார், ரயில்பக்கம் வரைக்கும் அது போனது. பக்கத்தில் இருந்த ஒரு தடித்த மனுசன் அழுதுகொண்டே என்னிடம், "அம்மா, சரியான கோல் அது, சரியான கோல்," என்றான். அன்று பின்னேரம் கடைகள் நேரத்துக்குப் பூட்டின. நான் வீட்டுக்கு வந்து மூத்தவளின் கட்டிலைக் கழற்றி, அந்த அறையில் தையல் மெஷினை வைத்தேன். அழுதுகொண்டுதான் வைத்தேன். வைத்தபிறகு நித்திரை வந்தது.

சோல்ட்பி இன்னும் நான்காம் பிரிவுக்கு ஏறி வரவில்லை. பூசை முடிந்து மண்டபத்து வாசலில் விடைபெறும்போது எங்கள் பெண்கள் இப்போது ஒரு கணம் நிற்கிறார்கள். சிலர் வாறன் என்கிறார்கள், சிலர் கையை மட்டும் பிடித்து விடுகிறார்கள். புஷ்பராணி மட்டும், "வந்தால் வருவன், பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, ரோல்ஸை முடிச்சுப்போடுங்கோ," என்று போகிறாள்.

டீன் ஹேவன்கோமில்தான் இருக்கிறான். இரண்டு வருஷ ஒப்பந்தம் ஏழு வருஷமாயிற்று, பிறகு கால் விடவில்லை. ஒரே வீடு. எல்சி வளர்ந்துவிட்டாள். பிசகின முழங்காலுக்கு வருகிற வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று நேற்று அக்கா போனில் சொன்னார். நீங்கள் செபிக்கிற ஆளென்றால், அன்று காலையில் அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிடுங்கோ.